உங்கள் நம்பர் யார் பெயரில் இருக்கிறது?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் நாள் என்ன நடக்கும்? இன்டர்நெட் இணைப்பு வந்தவுடன் ஒரு இ-மெயில் முகவரி தொடங்குவோம். பாஸ்வேர்ட் மறந்துபோனால் மீட்பதற்காக அது ஒரு மொபைல் நம்பரைக் கேட்கும். அடுத்து பேங்க் வெப்சைட். அங்கும் மொபைல் நம்பர்தான்; அதற்கு ஓ.டி.பி. வந்தால்தான் உள்ளே விடுவார்கள். வியாபாரம் செய்கிறவராக இருந்தால் ஜி.எஸ்.டி. தளத்திலும் இதே கதை. கம்ப்யூட்டர் திரையில் வாட்ஸ்அப் பார்க்க வேண்டும் என்றாலும் முதலில் போனில் அந்த நம்பர் உயிரோடு இருக்க வேண்டும்.

ஆக, நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டருக்கு உண்மையான சாவி நம் பத்து இலக்க மொபைல் நம்பர். ஆண்ட்டி-வைரஸ் போட்டீர்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த நம்பர் யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் குடும்பத்திலும் கேட்கவில்லை. அதனால் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

டிரெய்லர் கதவில் எழுதிய நம்பர்

நான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பிறந்து வளர்ந்தது திருவொற்றியூர். என் சித்தப்பா கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். முதலில் டிரைவராக இருந்தவர், கடன் வாங்கி ஒரு வண்டி, பிறகு இன்னொன்று என்று நான்கு வண்டிகளுக்குச் சொந்தக்காரர் ஆனார். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக கேட்டை நோக்கி வரிசையாக நிற்கும் டிரெய்லர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வண்டிக் கதவிலும் ஒரு செல் நம்பர் பெயின்ட்டால் எழுதியிருக்கும். எங்கள் பகுதியில் அதுதான் விசிட்டிங் கார்டு, போர்டு, விளம்பரம் எல்லாம். காசிமேட்டில் படகுக்கு ஐஸ் சப்ளை செய்பவருக்கும், ராயபுரத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவருக்கும் இதே கதைதான்.

2014-ல், நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஏஜென்ட் சித்தப்பாவிடம் வந்தார். "அண்ணே, அஞ்சு நம்பர் ஒரே குரூப்ல போட்டுத் தர்றேன். உங்களுக்குள்ள பேசினா காசே கிடையாது" என்றார். சி.யு.ஜி. என்று சொல்வார்கள், ஒரு குழுவுக்குள் இலவசமாகப் பேசிக்கொள்ளும் திட்டம். அழைப்புக்கு நிமிடக் கணக்கில் காசு போய்க்கொண்டிருந்த காலம் அது. நான்கு டிரைவர்களோடு நாள் முழுக்கப் பேச வேண்டிய சித்தப்பாவுக்கு அது பெரிய மிச்சம். ஏஜென்ட் பல பேரைச் சேர்த்து, ஒரு கம்பெனியின் பெயரில் மொத்தமாக இணைப்புகளை வாங்கினார். மாதாமாதம் வந்து பணத்தை வாங்கிப் போவார். சித்தப்பா ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

2022-ல் ஒரு சிக்கல் தொடங்கியது. மணலி பக்கம் கண்டெய்னர் யார்டுக்குள் அந்த நெட்வொர்க் சரியாகக் கிடைக்கவில்லை. "டேய், வண்டி உள்ள போனா ரெண்டு மணி நேரம் டிரைவரே கெடைக்க மாட்றான்டா. வேற கம்பெனிக்கு மாத்திக் குடு" என்றார். நான் இன்ஜினியரிங் முடித்தவன் அல்லவா? இது ஒரு எஸ்.எம்.எஸ். விஷயம் என்று தைரியமாகச் சொன்னேன். 1900 என்ற எண்ணுக்கு மெசேஜ் அனுப்பினேன். கோடு வரவில்லை.

கடைக்குப் போனோம். கவுன்ட்டரில் இருந்த பெண் நம்பரை டைப் செய்து பார்த்துவிட்டு, "சார், இது உங்க பேர்ல இல்ல. ஒரு கம்பெனி பேர்ல இருக்கு. அவங்க லெட்டர் குடுக்கணும்" என்றார். சித்தப்பாவுக்குப் புரியவில்லை. "நான்தாம்மா காசு கட்றேன். எட்டு வருஷமா என் வண்டியில இந்த நம்பர்தான் எழுதியிருக்கு" என்றார். அந்தப் பெண்ணும் பாவம், என்ன செய்வார்?

ஏஜென்ட்டைத் தேடினோம். கடையை மூடிவிட்டு மீஞ்சூர் பக்கம் போய்விட்டார் என்றார்கள். கண்டுபிடித்தோம். நாளைக்கு, அடுத்த வாரம் என்று இழுத்தார். அதற்குள் ஒரு காலை ஐந்து நம்பரும் ஒன்றாகச் செத்துப்போயின. அந்தக் கம்பெனி கணக்கில் பில் பாக்கியாம். சித்தப்பா கொடுத்த பணம் எங்கே போனது என்பது வேறு கதை. ரசீது இல்லை, கேட்பதற்கு நமக்கு உரிமையும் இல்லை. பதிவேட்டில் சித்தப்பா அந்த நெட்வொர்க்கின் வாடிக்கையாளரே அல்ல.

ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் ஏதோ நினைப்பில் அந்தப் பழைய நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். மணி அடித்தது. மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் எடுத்தான். "அண்ணே, நீங்களும் கண்டெய்னரா? நான் டிப்ளமோ படிக்கிறேன்ணே. விடியக்காலை நாலு மணிக்கெல்லாம் வண்டி எங்கன்னு கேக்குறாங்க" என்றான். சிரிப்பு வந்தது. ஆனால் அந்த ஏழெட்டு மாதத்தில் சித்தப்பாவுக்கு இரண்டு பழைய வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். போனை எடுக்காதவர் தொழிலை விட்டுவிட்டார் என்றுதானே நினைப்பார்கள்?

சட்டம் நம் பக்கம்தான், ஒரு நிபந்தனையோடு

நம்பரை மாற்றாமல் நெட்வொர்க்கை மட்டும் மாற்றும் வசதிக்கு மொபைல் நம்பர் போர்ட்டபிலிட்டி, சுருக்கமாக எம்.என்.பி. என்று பெயர். 1997-லேயே சிங்கப்பூரில் இதன் ஆரம்ப வடிவம் வந்துவிட்டது. அமெரிக்காவில் மொபைல் நம்பர்களுக்கு 2003 நவம்பரில் வந்தது. இந்தியாவில் 2010 நவம்பர் 25 அன்று ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது.

அப்போது ஒரு வட்டத்துக்குள் மட்டும்தான் மாற முடியும். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குத் தொழிலை மாற்றினால் சிக்கல் இல்லை. இரண்டும் தமிழ்நாடு வட்டம். ஆந்திராவின் கிருஷ்ணபட்டினம் துறைமுகத்துக்குப் போனவர் அங்குள்ள இணைப்பாக மாற்றிக்கொள்ள முடியாமல் ரோமிங்கில் இருந்தார். 2015 ஜூலை 3 முதல் இந்தத் தடையும் நீங்கியது. நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் நம்பர் கூடவே வரும்.

இது எப்படி நடக்கிறது? நம் நம்பரின் முதல் சில இலக்கங்களை வைத்து எந்த நெட்வொர்க் என்று முன்பு கண்டுபிடித்தார்கள். இப்போது, மாறிய எண்கள் எல்லாம் ஒரு டேட்டாபேஸில் பதிவாகின்றன. யாராவது உங்களை அழைத்தால், அவருடைய நெட்வொர்க் முதலில் அந்தப் பட்டியலைப் பார்த்து, இந்த எண் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அழைப்பை அங்கே அனுப்புகிறது. வீடு மாறியவர் புதிய விலாசத்தைத் தபால்காரரிடம் சொல்லி வைப்பது மாதிரி. எல்லாம் நொடிக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடும்.

ஆக, தொழில்நுட்பம் தயார், சட்டமும் தயார். ஆனால் உரிமை நம்பரைப் பயன்படுத்துபவருக்கு அல்ல; அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான். கம்பெனி பெயரில் உள்ள நம்பர் என்றால், அந்தக் கம்பெனியில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர் கடிதம் கொடுக்க வேண்டும். ஒரே கடிதத்தில் 100 நம்பர் வரை மாற்றலாம். கடிதம் கொடுக்க ஆள் இல்லை என்றால் ஒரு நம்பரைக்கூட மாற்ற முடியாது.

ஏர்செல் கற்றுக்கொடுத்த பாடம்

நம் பெயரில் இருந்தாலும் அலட்சியமாக இருக்கக் கூடாது என்பதற்கு 2018 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல், நம் மாநிலத்தில் மூலைமுடுக்கெல்லாம் இருந்தது. டவர் நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி பிரச்னையில் அந்த மாதம் 21-ம் தேதி வாக்கில் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் சிக்னலே இல்லாமல் போனது. நான் அப்போது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. வகுப்பில் பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றோம். ஏர்செல் கடைகள் முன்பு கூட்டம் அலைமோதியது. மாத இறுதியில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு மனுச் செய்தது.

அந்த நேரத்தில் எல்லோரும் நம்பரைக் காப்பாற்றிக்கொள்ள ஓடினார்கள். ஆனால் நெட்வொர்க் மாறுவதற்கான கோடைப் பெற எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். எஸ்.எம்.எஸ். அனுப்ப சிக்னல் வேண்டும். சிக்னல் இல்லாததால்தானே மாறுகிறோம்! வீடு பற்றி எரியும்போது வெளியே போகும் கதவின் சாவியை வீட்டுக்குள்ளேயே தேடிய கதையாகிவிட்டது. பிறகு டிராய் தலையிட்டு மாற்று ஏற்பாடுகளும் அவகாசமும் கொடுக்க வைத்தது. அதற்குள் பொறுமை இழந்து புது நம்பர் வாங்கிவிட்டவர்கள் ஏராளம். அவர்களில் வியாபாரிகள் பட்ட நஷ்டத்தை யார் கணக்கெடுத்தார்கள்?

சித்தப்பாவின் நம்பர் போனதற்கும் ஏர்செல்லுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். நம்பர் நம் கையில் இருப்பது மாதிரி தெரியும். உண்மையில் அது இருப்பது யாரோ ஒருவரின் பதிவேட்டில்.

நிறுவனங்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு

"எட்டு வருஷமா நான்தான் பேசறேன்" என்று சொல்கிறவருக்கெல்லாம் நம்பரைக் கொடுத்துவிடலாமா? கொடுக்கக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். இன்று ஒரு நம்பரைக் கைப்பற்றினால் பேங்க் கணக்கையே கைப்பற்றலாம். வேறொருவர் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கிப் பணத்தைச் சுருட்டும் மோசடிகள் நடக்கின்றன. இதைத் தடுக்கத்தான், சிம் மாற்றி 7 நாட்கள் ஆகாவிட்டால் நெட்வொர்க் மாறும் கோடு கிடைக்காது என்ற விதி 2024 ஜூலை 1 முதல் வந்தது. அது நல்ல விதி. கவுன்ட்டரில் இருந்த அந்தப் பெண் சித்தப்பாவை நம்பி நம்பரைக் கொடுத்திருந்தால், நாளை இன்னொருவர் வந்து என் நம்பரையும் அப்படியே வாங்கிப் போவார்.

என் வருத்தம் வேறு. எட்டு வருடத்தில் ஒருமுறைகூட, "இந்த எண் உங்கள் பெயரில் இல்லை" என்று சித்தப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. காலர் டியூன் வைக்கச் சொல்லி மெசேஜ் வந்தது. ஜோசியம் கேட்கச் சொல்லி மெசேஜ் வந்தது. வேண்டிய ஒரே மெசேஜ் மட்டும் வரவில்லை.

2023 ஆகஸ்டில் மத்திய அரசு மொத்த இணைப்பு முறையை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்குப் பதில் வந்த வணிக இணைப்பு முறையில் நம்பரைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரின் அடையாளத்தையும் சரிபார்க்க வேண்டும். வரவேற்க வேண்டிய மாற்றம். இது முன்பே வந்திருந்தால் எங்கள் ஏஜென்ட் அந்த வியாபாரத்தையே செய்திருக்க முடியாது. ஆனால் அதற்கு முன் வாங்கிய நம்பர்களை வைத்துக்கொண்டு எத்தனை பட்டறைகள், எத்தனை வண்டிகள் ஓடுகின்றன? இவர்களுக்காக இரண்டு விஷயங்களைக் கேட்கிறேன். ஒன்று, இணைப்பு யார் பெயரில் உள்ளது என்பதை வருடத்துக்கு ஒருமுறை எஸ்.எம்.எஸ்.ஸில் தெரிவிக்க வேண்டும். இரண்டு, கம்பெனி கணக்கு பாக்கிக்காக நம்பரைத் துண்டிக்கும் முன், அதைப் பயன்படுத்துபவருக்குத் தகவல் சொல்லி, அவருடைய பெயருக்கு முறைப்படி மாற்றிக்கொள்ள அவகாசம் தர வேண்டும். இரண்டும் ஒரு சாதாரண சாஃப்ட்வேர் வேலை. இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

இன்றே செய்ய வேண்டியவை

விதிகள் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் புதிய கம்ப்யூட்டரில் இந்த வேலைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிடலாம்.

முதலில், எக்செல் அல்லது அது போன்ற ஒரு புரோகிராமைத் திறந்து ஒரு பட்டியல் போடுங்கள். ஒரு பத்தியில் வீட்டிலும் தொழிலிலும் உள்ள மொபைல் நம்பர்கள். அடுத்த பத்தியில் அது யார் பெயரில் உள்ளது. மூன்றாவது பத்தியில் அந்த நம்பர் எங்கெங்கே இணைந்திருக்கிறது: பேங்க், யு.பி.ஐ., ஜி.எஸ்.டி., ஆதார், இ-மெயில், வண்டி இருந்தால் ஆர்.சி., ஃபாஸ்டேக். சித்தப்பாவுக்கு நான் இதைப் போட்டபோது மூன்றாவது பத்தி ஒரு திரையைத் தாண்டிப் போனது. அதில் உள்ள ஒவ்வொன்றுக்காகவும் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினோம்.

இரண்டாவது, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்துக்குப் போங்கள். உங்கள் பெயரில் எத்தனை மொபைல் இணைப்புகள் உள்ளன என்று பார்க்கும் வசதி அங்கே இருக்கிறது. உங்கள் பெயரில்தான் உள்ளது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு நம்பரைக் கொடுத்து, ஓ.டி.பி. போட்டு உள்ளே நுழையலாம். தொழில் நம்பர் அந்தப் பட்டியலில் இல்லையா? உடனே நெட்வொர்க்கின் கடைக்குப் போய்க் கேளுங்கள். இறந்துபோன அப்பா பெயரில், வேலையை விட்டுப் போன பையன் பெயரில், பிரிந்துபோன பார்ட்னர் பெயரில் நம்பர் வைத்திருப்பவர்கள் நம்மிடையே நிறைய. பெயர் மாற்ற முறையான வழி உண்டு. உறவு நன்றாக இருக்கும்போதே, கையெழுத்துப் போட ஆள் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.

மூன்றாவது, மாறுவது என்று முடிவு செய்தால் அவசரப்படாமல் செய்யுங்கள். போர்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடம் விட்டு, உங்கள் நம்பரைப் போட்டு 1900-க்கு அனுப்புங்கள். எட்டு எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு கோடு வரும். தமிழ்நாட்டில் அது 4 நாட்களுக்குத்தான் செல்லும். எனவே புது நெட்வொர்க்கின் கடைக்கு எப்போது போவது என்று முடிவு செய்த பிறகு மெசேஜ் அனுப்புங்கள். 2019 டிசம்பர் 16 முதல் உள்ள விதிப்படி, ஒரே வட்டத்துக்குள் மாற 3 வேலை நாட்கள். வேறு வட்டத்துக்கு மாறவும், கம்பெனி பெயரில் உள்ள நம்பர்களுக்கும் 5 வேலை நாட்கள். இணைப்பு வாங்கி 90 நாட்கள் ஆகியிருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் பில் பாக்கி இருக்கக் கூடாது. ப்ரீபெய்டு பேலன்ஸ் உங்களோடு வராது, தீர்த்துவிட்டு மாறுங்கள். மனம் மாறினால், விண்ணப்பித்த 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யவும் வழி உண்டு.

மாறும் நாளில் சில மணி நேரம் சிம் வேலை செய்யாது. அன்று ஜி.எஸ்.டி. கட்டுவது, பெரிய தொகை அனுப்புவது போன்ற ஓ.டி.பி. வேலைகளை வைத்துக்கொள்ள வேண்டாம். புது சிம் போட்டபின் யு.பி.ஐ. ஆப் மறுபடியும் சரிபார்க்கச் சொல்லும், பயப்பட வேண்டாம். வாட்ஸ்அப் நம்பரோடு இணைந்தது என்பதால் அப்படியே இருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அந்த எட்டு எழுத்துக் கோடைப் போனில் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். அதைக் கொடுக்க வேண்டியது நீங்களே நேரில் போகும் கடையில் மட்டும்.

நான்காவது, தொழில் நம்பரை ஒரு வருடமானாலும் சும்மா போட்டு வைக்காதீர்கள். துண்டிக்கப்பட்ட நம்பரை 90 நாட்கள் வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். அதன் பிறகு அது மதுரையில் டிப்ளமோ படிக்கும் ஒரு தம்பியிடம் போகலாம். அவனாவது நல்ல பையன். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியுமா?

சித்தப்பா இப்போது புது நம்பர் வாங்கிவிட்டார். இந்த முறை அவருடைய ஆதார், அவருடைய பெயர், அவருடைய கையெழுத்து. நான்கு வண்டிக் கதவுகளிலும் பழைய நம்பரை அழித்துப் புதிதாக எழுதினோம். பெயின்டர் கேட்டார், "கீழ கொஞ்சம் இடம் விடட்டா அண்ணே, மறுபடி மாறினா எழுதலாம்?" சித்தப்பா சொன்னார்: "இடமே விடாத. பெருசா எழுது. இனிமே கம்பெனி மாறும், நம்பர் மாறாது."